சின்ன டெஸ்க்டாப்பில் கரன்ட் கோளாறு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வீட்டிலேயே கட்டிய சின்ன டெஸ்க்டாப் பழுது என்று யார் கொண்டுவந்தாலும், கூடவே ஒரு கேள்வியும் வரும்: "எஸ்எம்பிஎஸ் போயிடுச்சு போல, புதுசு வாங்கிடலாமா?" சுவர் கரன்ட்டைக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய டிசியாக மாற்றித் தரும் பவர் சப்ளைதான் எஸ்எம்பிஎஸ். பெரும்பாலும் அது போயிருக்காது. ஒரு பின் தளர்ந்திருக்கும், அடாப்டரால் தாங்க முடியாத அளவுக்கு ப்ராசஸர் இழுத்திருக்கும், இல்லையென்றால் பயாஸில் (கம்ப்யூட்டர் எழும்போது திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) ஒரு அமைப்பு பொருந்தாமல் இருக்கும். பெரிய கேபினட்டில் 550 வாட் எஸ்எம்பிஎஸ் இருந்தால் இந்தக் குறைகளை அது தாங்கிக்கொண்டு ஓடிவிடும். 60, 90, 120 வாட்டில் ஓடும் பெட்டியில் அந்த இடைவெளி கிடையாது. அதனால்தான் வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். கீழே ஒவ்வொரு அறிகுறியிலும் காசு ஆகாத காரணம் முதலில், காசு ஆகும் காரணம் கடைசியில். உங்கள் அறிகுறி எதுவோ, நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

உங்கள் பெட்டி எந்த வகை?

அ வகை: உள்ளேயே சின்ன எஸ்எம்பிஎஸ் இருக்கும். எஸ்எஃப்எக்ஸ், டிஎஃப்எக்ஸ், ஃப்ளெக்ஸ் ஏடிஎக்ஸ் என்ற சின்ன அளவுகள் எல்லாம் இதில் சேரும். 

ஆ வகை: வெளியே 12 வோல்ட் அடாப்டர்; உள்ளே மதர்போர்டின் 24 பின் சாக்கெட்டில் நேராக உட்காரும் ஒரு குட்டி டிசி போர்டு. பைக்கோ என்று பொதுவாகச் சொல்வது இதைத்தான். 

இ வகை: அடாப்டர் வயர் நேராக மதர்போர்டுக்கே போகும். தின் மினி ஐடிஎக்ஸ் போர்டுகளும் டெஸ்க்மினி மாதிரிப் பெட்டிகளும் 19 வோல்ட் கேட்கும். என்100 ப்ராசஸர் ஒட்டிவரும் போர்டுகளில் பல 12 வோல்ட் கேட்கும்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், சுவர் பிளக்கில் செருகி வாட் காட்டும் மீட்டர், நல்ல நிலையில் இருப்பது உறுதியாகத் தெரிந்த இன்னொரு அடாப்டர் அல்லது எஸ்எம்பிஎஸ். கடைசியாகச் சொன்னதை நண்பரிடம் ஒரு மணி நேரத்துக்கு வாங்கினாலும் போதும். வாட் மீட்டரை மட்டும் சொந்தமாக வாங்கி வையுங்கள். கரன்ட் மிச்சம் பிடிக்கத்தானே இந்தப் பெட்டியைக் கட்டினோம். அது எவ்வளவு இழுக்கிறது என்று தெரியாமல் எந்த முடிவும் எடுக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. எஸ்எம்பிஎஸ்ஸின் தகரப் பெட்டியையோ அடாப்டரின் பிளாஸ்டிக் ஓட்டையோ பிரிக்காதீர்கள். 230 வோல்ட் உள்ளே போனதும் சுமார் 325 வோல்ட் டிசியாக மாறும். பவர் ஃபேக்டர் திருத்தம் உள்ள மாடல்களில் 380 முதல் 400 வரை போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கெப்பாசிட்டரில் நிற்கும். இங்கே சொல்லும் எந்தச் சோதனைக்கும் அதைத் திறக்கத் தேவையில்லை.

அறிகுறி 1: பட்டனை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை

விசிறி அசையவில்லை, விளக்கு இல்லை, சத்தம் இல்லை.

சுவரிலிருந்து தொடங்குங்கள். அதே பாயிண்டில் போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தால் அதை விட்டுவிட்டு நேராகச் சுவரில் செருகுங்கள். அ வகைப் பெட்டிகளில் இன்னொரு இடமும் உண்டு. பல சின்ன கேபினட்களில் எஸ்எம்பிஎஸ் முன்பக்கம் இருக்கும், வெளியே தெரியும் சாக்கெட் பின்பக்கம் இருக்கும், இரண்டுக்கும் நடுவில் உள்ளேயே ஒரு நீட்டிப்பு வயர் ஓடும். கேபினட்டைத் தூக்கி இடம் மாற்றியதில் அந்த வயர் எஸ்எம்பிஎஸ் முனையில் லேசாக வெளியே வந்திருக்கும். மூடியைக் கழற்றிய கையோடு அதை அழுத்திவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸின் சொந்த சுவிட்ச் ஆன் பக்கம் முழுதாகச் சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடாப்டர் விளக்கு எரியவில்லை, அல்லது மின்னி மின்னி அணைகிறது என்றால்: அடாப்டரைப் பெட்டியிலிருந்து கழற்றுங்கள், சுவரில் மட்டும் இருக்கட்டும். இப்போது விளக்கு நிலையாக எரிந்தால் அடாப்டர் பிழைத்திருக்கிறது. பெட்டிக்குள் எங்கோ ஷார்ட், அதனால் அடாப்டர் தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. அறிகுறி 2-க்குப் போங்கள். தனியாக வைத்தும் எரியவில்லை என்றால் சுவருக்கும் அடாப்டருக்கும் நடுவில் உள்ள வயரை மாற்றிப் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் அடாப்டர் தீர்ந்தது.

அடாப்டர் விளக்கு எரிகிறது, பெட்டியில் உயிர் இல்லை என்றால்: உருளை பிளக்கின் அளவைச் சந்தேகப்படுங்கள். வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர் என்று பார்த்து வாங்குகிறோம், நடுத்துளை 2.1, 2.5 என்று இரண்டு அளவில் வருகிறது. 2.5 துளை உள்ள பிளக் 2.1 ஊசி மேல் அழகாக ஏறும். ஏறினாலும் உள்ளே தொடாமல் தொங்கும். வயரை ஆட்டினால் வரும், விட்டால் போகும். அடாப்டர் மேல் உள்ள படத்தில் நடுப்புள்ளி பிளஸ்தானா என்பதையும் மீட்டர் வைத்து உறுதிசெய்யுங்கள்.

டைப்-சி சார்ஜரிலிருந்து 12 வோல்ட் எடுக்கும் வயரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு: பவர் டெலிவரி சார்ஜர்களில் 5, 9, 15, 20 வோல்ட்தான் வழக்கமான படிகள். 12 வோல்ட் விருப்பப்பட்ட தயாரிப்பாளர் சேர்ப்பது. உங்கள் சார்ஜரில் அது இல்லையென்றால் அந்த வயர் பேசாமல் 9 அல்லது 5 வோல்ட்டைக் கொடுக்கும், பெட்டி எழுந்திருக்காது. சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் 12 வோல்ட் இருக்கிறதா என்று படியுங்கள். இருந்தாலும், பல போர்ட் உள்ள சார்ஜராக இருந்தால் பக்கத்துப் போர்ட்டில் யாராவது போனைச் செருகும் நொடியில் பவரைப் புதிதாகப் பங்கிடும். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். கம்ப்யூட்டருக்கென்று தனி சார்ஜர் வைப்பதே நல்லது.

இதெல்லாம் சரி, இன்னும் எழவில்லை என்றால் மதர்போர்டுக்கு வாருங்கள். முன்பக்கப் பட்டனின் இரட்டை வயரைக் கழற்றிவிட்டு, அது இருந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொடுங்கள். பெட்டி எழுந்தால் கோளாறு பட்டனில்தான். எழவில்லையா? கரன்ட்டை முழுதாகப் பிடுங்கிவிட்டு, பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மறுபடி செருகுங்கள். இடி மின்னல் அடித்த அடுத்த நாள் "செத்துப்போச்சு" என்று வரும் பெட்டிகளில் சில இதிலேயே எழுந்துவிடும். அப்படியே மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரியையும் அளந்து பாருங்கள். தினமும் ராத்திரி மெயின் சுவிட்சை அணைக்கும் வீடுகளில் அது சீக்கிரம் தீரும். 2.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மாற்றுங்கள், செலவு சொற்பம்.

அ வகைக்குப் பச்சை வயர் சோதனை. எஸ்எம்பிஎஸ்ஸை மதர்போர்டிலிருந்து முழுதாகக் கழற்றி, 24 பின் இணைப்பில் பச்சை வயரையும் கருப்பு வயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து, அதன் பிறகு சுவிட்சைப் போடுங்கள். விசிறி சுற்ற வேண்டும். சின்ன எஸ்எம்பிஎஸ்களில் இப்போதெல்லாம் எல்லா வயரும் கருப்பு. அதற்கு ஒரு வழி இருக்கிறது: கொக்கி உள்ள வரிசையைப் பாருங்கள். ஒரு முனையிலிருந்து ஐந்தாவது துளை காலியாக இருக்கும். எதிர் முனையிலிருந்து நான்காவதுதான் பச்சைக்கான இடம். அதன் இரண்டு பக்கமும் உள்ளவை கருப்பு. காலித் துளைக்கு நேர் எதிர் வரிசையில் இருப்பது சாம்பல். அதிலிருந்து கிட்டத்தில் உள்ள முனையை நோக்கி அடுத்தது ஊதா. பச்சையை இணைக்காமலே ஊதாவில் 5 வோல்ட் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது, வேறு சோதனை தேவையில்லை. சுமை குறைவாக இருக்கும்போது விசிறி சுற்றாத மாடல்களும் உண்டு. அவற்றில் விசிறியை நம்பாமல் மீட்டரை நம்புங்கள்: மஞ்சளில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வோல்ட்.

ஆளைக் கூப்பிடும் கட்டம்: அளவுகள் எல்லாம் சரியாக இருந்து, பின்களைத் தொட்டும் போர்டு எழவில்லை என்றால் அது போர்டு பழுது. வாரன்டி இருந்தால் மேற்கொண்டு எதையும் தொடாமல் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அறிகுறி 2: விசிறி ஒரு நொடி சுற்றி நின்றுவிடுகிறது

புதிதாகக் கட்டிய பெட்டி என்றால் முதலில் ப்ராசஸருக்கான தனி 4 பின் அல்லது 8 பின் வயர். சின்ன கேபினட்டில் அது போர்டின் மூலையில், கூலருக்கு அடியில் மறைந்திருக்கும். செருக மறந்துவிடுகிறோம், அல்லது கொக்கி மாட்டாமல் பாதியில் நிற்கிறது.

அடுத்து ஷார்ட். முன்பக்க யூஎஸ்பி துளைகளுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே உள்ள பிளாஸ்டிக் நாக்கு உடைந்து, தகடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது சாதாரணம். அப்புறம் போர்டைத் தாங்கும் பித்தளைக் கால்கள்: துளை இல்லாத இடத்தில் ஒரு கால் கூடுதலாக நின்றாலும் அது போர்டின் முதுகைத் தொடும். சந்தேகம் இருந்தால் போர்டை வெளியே எடுத்து, அட்டைப்பெட்டி மேல் வைத்து, ப்ராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம், இவ்வளவோடு ஓட்டிப் பாருங்கள். ஓடினால் ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிரித்துக் கோக்கும் வயர்கள் உள்ள எஸ்எம்பிஎஸ்ஸில், வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த வயரைச் செருகாதீர்கள். போர்டு பக்க முனைக்குத்தான் பொதுத் தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் எந்தத் துளையில் எந்த வோல்ட் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ஒரே பிராண்டுக்குள் மாடலுக்கு மாடல் மாறுவதும் உண்டு. செருகினால் கச்சிதமாக உட்காரும், சுவிட்சைப் போட்டதும் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போகும், எஸ்எஸ்டி அந்த நொடியே போய்விடும். குட்டையான வயர் வேண்டும் என்பதற்காகச் சின்னப் பெட்டி கட்டுகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். அதில் போன படங்களை மீட்டுத் தரச் சொல்லிக் கேட்பவர்களிடம் என்ன சொல்வது என்றே எனக்குத் தெரிவதில்லை.

ஆ வகையில் 12 வோல்ட் மட்டும் ஏற்கும் டிசி போர்டில் 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரைச் செருகினாலும் இதே அறிகுறி வரும். நல்ல போர்டு தன்னை அணைத்துக்கொள்ளும், மலிவானது அணைக்காது. அந்த வகை போர்டுகளில் அடாப்டரின் 12 வோல்ட் ஏறக்குறைய அப்படியே ப்ராசஸர் பக்கம் போகிறது. செருகியது தெரிந்தால் உடனே கழற்றி, சரியான அடாப்டரில் வெறும் போர்டாகச் சோதியுங்கள்.

அறிகுறி 3: ஓடுகிறது, திரையில் படம் இல்லை

பாதிக்கு மேல் இது கரன்ட் கோளாறே இல்லை. டிடிஆர்5 ரேம் போட்ட புதுப் பெட்டி, ரேமைப் பழக்கிக்கொள்ள முதல் தடவை சில நிமிடங்கள் எடுக்கும். ஏஎம்டியின் ஏஎம்5 போர்டுகளில் இன்னும் அதிகம். பொறுமையில்லாமல் அணைத்து அணைத்துப் போட்டால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடம் விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். அப்புறமும் இல்லையென்றால் ரேமைக் கழற்றி மாட்டி, ஒற்றை ரேமோடு பாருங்கள். ஊதா, மஞ்சள், சிவப்பு அளவுகள் அறிகுறி 1-இல் சொன்னபடி இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸை விட்டுவிடுங்கள்.

அறிகுறி 4: வேலை கூடும்போது பட்டென்று அணைகிறது

பிரவுசர் ஓடும், படம் ஓடும். வீடியோ எடிட் பண்ணி எக்ஸ்போர்ட் கொடுத்தால், அல்லது கேம் தொடங்கினால், பட்டென்று இருட்டு. என்னிடம் அதிகம் வருவது இதுதான்.

முதலில் சூடா, பவரா என்று பிரியுங்கள். சூட்டினால் அணைவது என்றால் அதற்கு முன்பே வேகம் குறையும், விசிறி அலறும், ப்ராசஸர் 95, 100 டிகிரியைத் தொட்டிருக்கும். எந்த அறிகுறியும் இல்லாமல் கண் இமைக்கும் நேரத்தில் போனால் அது பவர். விண்டோஸ் தன் பதிவேட்டில் கெர்னல்-பவர் 41 என்று எழுதி வைத்திருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்பதைத் தாண்டி அது எதுவும் சொல்லவில்லை. காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.

அடுத்து கணக்கு. ப்ராசஸர் வந்த அட்டைப்பெட்டியில் போட்ட 65 வாட் என்பது அதன் உச்சம் இல்லை. ரைசன் 5 5600ஜி 88 வாட் வரை இழுக்க அனுமதி உள்ளது. கோர் ஐ5-12400-இன் உச்சம் 117 வாட். 6 வாட் என்று எழுதிய என்100 கூட, முழு வேலையில் மொத்தப் பெட்டியாக 25 வாட்டைத் தாண்டுவது சாதாரணம். இப்போது அடாப்டரைப் பாருங்கள்: 12 வோல்ட் 5 ஆம்பியர் என்றால் 60 வாட், 19 வோல்ட் 4.74 ஆம்பியர் என்றால் 90 வாட். சுவரில் வாட் மீட்டரைச் செருகி, வேலையைக் கூட்டி, அணைவதற்கு முன் கடைசியாக எந்த எண் தெரிந்தது என்று பாருங்கள். அது அடாப்டரின் எழுதப்பட்ட வாட்டை நெருங்கினால் பதில் கிடைத்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒரு நொடி உச்சம் அதற்கும் மேலே போயிருக்கும்.

இதற்கு இலவச மருந்து பயாஸில் இருக்கிறது. இன்டெல் என்றால் பிஎல்1 (தொடர்ந்து இழுக்கும் வாட் வரம்பு), பிஎல்2 (சற்று நேரத்துக்கு மட்டும் பாயும் வாட் வரம்பு) இரண்டையும் 35 அல்லது 45 வாட்டுக்கு இறக்குங்கள். பிஎல்1-ஐ மட்டும் இறக்கிப் பிஎல்2-ஐ விட்டால் முதல் சில நொடிகளின் பாய்ச்சலிலேயே அணையும். ஏஎம்டி என்றால் ஈகோ மோடில் 45 வாட். அன்றாட வேலையில் வித்தியாசம் தெரியாது. எக்ஸ்போர்ட் கொஞ்சம் நேரம் எடுக்கும். கரன்ட் மிச்சமாக வேண்டும் என்று கட்டிய பெட்டிக்கு இது சமரசம் இல்லை, இதுதான் சரியான அமைப்பு என்பது என் கருத்து.

கணக்கு இடம் கொடுத்தும் அணைகிறதா? இப்போது மல்டிமீட்டர். ஆ வகையில் மோலக்ஸ் இணைப்பின் (பழைய ஹார்ட் டிஸ்க்குகளுக்கான பெரிய 4 பின் இணைப்பு) மஞ்சள், கருப்புத் துளைகளில் மீட்டர் ஊசிகளை நிறுத்துங்கள். சும்மா இருக்கும்போது 12.1 காட்டி, முழு வேலையில் 11.9 காட்டினால் நல்லது. 11.4-க்குக் கீழே சரிந்தால் வழியில் எங்கோ இழப்பு. அதே நிலையில் அடாப்டர் வயர் வந்து சேரும் சாக்கெட்டின் கால்களில் அளங்கள். அங்கேயே குறைவு என்றால் அடாப்டரோ அதன் வயரோ காரணம். அங்கே சரியாக இருந்து மோலக்ஸில் குறைந்தால் டிசி போர்டு. எங்கேயும் சரியாமல் நேராக 0-க்கு விழுந்தால் அடாப்டரின் ஓவர்லோட் காவல் வெட்டுகிறது.

அந்த உருளை பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். நான் பார்த்தவரை இந்த அறிகுறியோடு வரும் பெட்டிகளில் பாதிக்கு அங்கேதான் கதை. 8 ஆம்பியர் ஓடும் இணைப்பில் 0.05 ஓம் தடை இருந்தாலே 0.4 வோல்ட் காணாமல் போகும், 3 வாட்டுக்கு மேல் வெப்பம் அந்தச் சின்ன ஊசியிலேயே இறங்கும். பிளக்கை உருவிப் பார்த்தால் உள் வளையம் பித்தளை நிறம் போய்த் தேன் நிறத்தில் இருக்கும், சாக்கெட்டின் கருப்பு பிளாஸ்டிக் வாய் லேசாக நீள்வட்டமாக இளகியிருக்கும், மூக்கருகே கொண்டுபோனால் கருகின வாசனை வரும். கடற்கரையோர ஊர்களில் உப்புக் காற்று இதைச் சீக்கிரமாக்கும். இந்த வகைச் சாக்கெட்டுகளில் பல 5 ஆம்பியருக்கே செய்யப்பட்டவை. 100 வாட்டுக்கு மேல் 12 வோல்ட்டில் எடுப்பதாக இருந்தால் தடித்த 4 பின் வட்ட இணைப்பு உள்ள அடாப்டரும் போர்டும்தான் வேண்டும். இளகிய சாக்கெட்டைச் சுத்தம் செய்து ஓட்டாதீர்கள். சால்டரிங் தெரிந்த எலக்ட்ரானிக்ஸ் கடையில் மாற்றச் சொல்லுங்கள்.

புது அடாப்டர் வாங்குவதாக இருந்தால் எல்இடி ஸ்ட்ரிப்புக்கு விற்கும் 12 வோல்ட் 10 ஆம்பியரை நம்ப வேண்டாம். எல்இடிக்கு 11 வோல்ட் வந்தால் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் அணைந்துவிடும். இந்தியாவில் விற்கும் அடாப்டரில் பிஐஎஸ் குறியும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அளவில் பாதியாகவும் எடையில் காற்றாகவும் இருக்கும் 120 வாட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டு சேர்த்த பிறகு தொடங்கியது என்றால் சுருக்கமாக: தனி வயர் கேட்காத கார்டும் ஸ்லாட்டிலிருந்து 75 வாட் வரை இழுக்கலாம். 65 வாட் ப்ராசஸரோடு அதைச் சேர்த்து 120 வாட் அடாப்டரில் ஓட்ட முடியாது. 300 வாட் ஃப்ளெக்ஸுக்கோ 450 வாட் எஸ்எஃப்எக்ஸுக்கோ மாறுங்கள்.

அறிகுறி 5: சும்மா இருக்கும்போது அணைகிறது, தூங்கினால் எழவில்லை

இது எதிர்ப்பக்கம், அதனால் பலரைக் குழப்பும். வேலை கொடுத்தால் மணிக்கணக்கில் ஓடும். சாப்பிடப் போய் வந்தால் செத்துக் கிடக்கும் அல்லது ரீஸ்டார்ட் ஆகியிருக்கும்.

2013-இல் வந்த ஹாஸ்வெல் தலைமுறையிலிருந்து ப்ராசஸர்கள் ஓய்வில் 12 வோல்ட் பக்கம் கிட்டத்தட்ட எதையுமே இழுக்காத நிலைக்குப் போகத் தொடங்கின. பழைய எஸ்எம்பிஎஸ்ஸும் சில மலிவான எஸ்எம்பிஎஸ்ஸும் அவ்வளவு குறைந்த சுமையில் நிலைகுலைந்து அணைந்துவிடும். பழைய கம்ப்யூட்டரின் டிஎஃப்எக்ஸ்ஸைப் புதுப் போர்டுக்கு மாட்டியவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். பயாஸில் இன்டெல்லுக்கு சி6, சி7 என்ற ஆழ்ந்த ஓய்வு நிலைகளை அணையுங்கள். ரைசனுக்குப் பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல் என்ற வரியை டிபிக்கல் கரன்ட் ஐடில் என்று மாற்றுங்கள். ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டதா? நோய் தெரிந்துவிட்டது. ஆனால் இப்போது ஓய்வில் சில வாட் கூடுதலாகச் செலவாகும். வாட் மீட்டரிலேயே தெரியும். நாள் முழுக்க ஓடும் பெட்டி என்றால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிட்டு அமைப்பைப் பழையபடி வைப்பதுதான் முறை.

தூக்கத்திலிருந்து எழாதது மட்டும் பிரச்சினை என்றால் ஊதா வயரின் 5 வோல்ட்டைப் பாருங்கள். குட்டி டிசி போர்டுகளில் அந்தப் பாதை 1, 1.5 ஆம்பியர்தான் தரும். கம்ப்யூட்டர் தூங்கும்போது யூஎஸ்பியில் போன் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தால் அதுவே எல்லாவற்றையும் தின்றுவிடும். எல்லா யூஎஸ்பியையும் கழற்றிவிட்டுத் தூங்கவைத்துப் பாருங்கள். கீபோர்டைத் தட்டினால் எழாமல், பட்டனை அழுத்தினால் எழுந்தால், பயாஸில் இஆர்பி (ஓய்வில் கரன்ட் மிச்சம் பிடிக்க யூஎஸ்பி போன்றவற்றின் பவரை வெட்டும் அமைப்பு) ஆன் ஆகியிருக்கலாம். அது பழுது இல்லை. அந்த அமைப்பின் வேலையே அதுதான்.

அறிகுறி 6: கரன்ட் போகும் நொடியில் கம்ப்யூட்டரும் போகிறது, இன்வெர்ட்டர் இருந்தும்

வீட்டு இன்வெர்ட்டரில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். யூபிஎஸ் என்று ஒரு பக்கம், நார்மல் அல்லது ஈகோ என்று மறுபக்கம். பெரும்பாலும் பின்பக்கம், சுவரைப் பார்த்தபடி இருக்கும், பொருத்தியவர் போன பிறகு யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். நார்மலில் பேட்டரிக்கு மாற 40 மில்லிசெகண்ட் வரை ஆகும். யூபிஎஸ் பக்கம் 10 போல. ஃபேனும் லைட்டும் அந்த இடைவெளியைக் கவனிக்காது. எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையில் 16, 17 மில்லிசெகண்ட்தான் தாக்குப்பிடிக்கும். சுவிட்சை யூபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். நிறைய வீடுகளில் வேலை இதோடு முடியும்.

யூபிஎஸ் பக்கம் வைத்ததும் வேறொன்று தொடங்கலாம். அந்த நிலையில் இன்வெர்ட்டர் சுமார் 180 வோல்ட்டுக்குக் கீழே மெயினை ஏற்காது. சாயந்திரம் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் கரன்ட் இருக்கும்போதே பேட்டரிக்கு மாறி மாறி வரும், பேட்டரி தீரும். அப்படிப்பட்ட இடத்தில் இன்வெர்ட்டரை நார்மலிலேயே விட்டு, கம்ப்யூட்டருக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன யூபிஎஸ் வையுங்கள். ஸ்டெபிலைசர் வேண்டாம். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் அடாப்டருக்கும் அது தேவையில்லை. உள்ளே ரிலே டக் டக் என்று மாறும் ஒவ்வொரு முறையும் அதுவே ஒரு சின்ன கரன்ட் கட்.

யூபிஎஸ்ஸில் ஓடும்போது எஸ்எம்பிஎஸ் உறுமுகிறது அல்லது அணைகிறது என்றால், யூபிஎஸ் தரும் அலை சைன் வடிவில் இல்லாமல் சதுரமாக இருக்கிறது. பவர் ஃபேக்டர் திருத்தம் உள்ள எஸ்எம்பிஎஸ்களில் சிலவற்றுக்கு அது ஒத்துவராது. ப்யூர் சைன் வேவ் என்று கேட்டு வாங்குங்கள்.

ரவுட்டருக்கு விற்கும் 12 வோல்ட் குட்டி யூபிஎஸ் என்100 பெட்டிக்கு ஆகுமா என்று கேட்கிறார்கள். 3 ஆம்பியர் தருவதாக இருந்து, பேட்டரியில் ஓடும்போதும் 12 வோல்ட் நிலையாக நின்றால் ஆகும். மலிவானவற்றில் 12.6-இல் தொடங்கி 9 வரை இறங்கிக்கொண்டே போகும். கரன்ட்டை அணைத்துவிட்டு அரை மணி நேரம் மீட்டரில் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

அறிகுறி 7: கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது

தள்ளிப்போடக் கூடாத அறிகுறி. பயம் காட்டவில்லை, பெரும்பாலும் இது உயிருக்கு ஆபத்தான அளவு இருக்காது. ஆனால் எர்த் இல்லை என்பதை அது சொல்கிறது, எர்த் இல்லாத வீட்டில் அடுத்த பழுது ஆபத்தானதாக இருக்கும்.

எஸ்எம்பிஎஸ்ஸின் மூன்றாவது பின்னுக்கு எர்த் கிடைக்காதபோது, உள்ளே உள்ள வடிகட்டி கெப்பாசிட்டர்கள் வழியாகத் தகரப் பெட்டி மெயினின் பாதி வோல்ட்டில் மிதக்கும். டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும். முதலில் வயரின் மூன்றாவது பின் இருக்கிறதா, இரண்டு பின் மாற்றியில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் சாக்கெட்டில் மீட்டரை ஏசி நிலையில் வைத்து அளங்கள்: ஃபேஸ்–நியூட்ரல் 230, ஃபேஸ்–எர்த்தும் ஏறக்குறைய அதே, நியூட்ரல்–எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். ஃபேஸ்–எர்த் 80, 120 என்று ஏதாவது காட்டி ஆடினால் எர்த் வயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. உயிருள்ள சாக்கெட்டில் ஊசி வைத்துப் பழக்கமில்லாதவர்கள் இதை எலக்ட்ரீஷியனிடமே விட்டுவிடுங்கள்.

சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சுரீர் நின்றுவிடும். பிறகு எப்போதாவது நியூட்ரல் அறுந்தால் கேபினட் முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். அப்படிச் செய்ய யாரையும் அனுமதிக்காதீர்கள். மீட்டர் பெட்டியிலிருந்து எர்த் குழி வரை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

ஆ, இ வகைகளில் இரண்டு பின் அடாப்டரோடு லேசான கூச்சம் மட்டும் இருந்தால் மூன்று பின் அடாப்டருக்கு மாறுங்கள். கேபிள் டிவி வயரோ எச்டிஎம்ஐயோ செருகும்போது மட்டும் பொறி தட்டினால், எல்லாவற்றையும் ஒரே எர்த் உள்ள பாக்ஸில் செருகிய பிறகு அந்த வயரை இணையுங்கள்.

அறிகுறி 8: சத்தம்

கீச்சென்ற மெல்லிய சத்தம், மௌஸை நகர்த்தினால் மாறுகிறது என்றால் காயில்களின் அதிர்வு, தீங்கில்லை. ஃப்ளெக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸின் அலறல் அதன் 40 மில்லிமீட்டர் விசிறியால் வருவது. அமைதி வேண்டுமென்றால் எஸ்எஃப்எக்ஸ் போடக்கூடிய கேபினட்டே வேண்டும். கரகரவென்றால் விசிறியின் பேரிங் தேய்ந்திருக்கிறது. அதை மாற்ற எஸ்எம்பிஎஸ்ஸின் தகரப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பதால் கடையில் கொடுங்கள்.

அறிகுறி 9: கருகல் வாசனை, புகை, தொட முடியாத சூடு

சோதனை எதுவும் வேண்டாம். சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைப் பிடுங்குங்கள். ஆறிய பிறகு மூக்கை நம்பி இடத்தைக் கண்டுபிடியுங்கள். மோலக்ஸிலிருந்து சாட்டாவுக்கு (இப்போதைய டிஸ்க்குகளின் தட்டையான பவர் இணைப்பு) மாற்றும் வயர் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். வயரோடு சேர்த்து பிளாஸ்டிக்கை வார்த்து மூடிய வகையில் உள்ளே கம்பிகள் நெருங்கி உருகித் தீப்பிடிப்பதுண்டு. அது கருகாமல் இருந்தாலும் தூக்கிப்போட்டுவிட்டு, பின்பக்கம் மூடி திறந்து வயர் தனித்தனியாகத் தெரியும் வகையை வாங்குங்கள். வாசனை எஸ்எம்பிஎஸ் காற்றுத் துளையிலிருந்து வந்தால் பல்லியோ எறும்புக் கூட்டமோ உள்ளே போயிருக்கலாம். எதுவாக இருந்தாலும் அந்த எஸ்எம்பிஎஸ்ஸை மறுபடி சுவிட்ச் போட்டுப் பார்க்காதீர்கள்.

கடையில் கொடுக்கும்போது எஸ்எஸ்டியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, அடாப்டரையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்; அது இல்லாமல் ஆ, இ வகைகளை யாராலும் முழுதாகச் சோதிக்க முடியாது. ஒரு தாளில் இவற்றை எழுதி ஒட்டுங்கள்: சும்மா இருக்கும்போது எத்தனை வாட், அணைவதற்கு முன் எத்தனை வாட், ஊதாவிலும் மஞ்சளிலும் எத்தனை வோல்ட், எதை எல்லாம் மாற்றிப் பார்த்தீர்கள், இன்வெர்ட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது.